ஏழு சொம்புக் கூழ்

போன ஞாயிற்றுக்கிழமை புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். வெயில் தாங்கவில்லை. எதிரே புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, விலைப்பட்டியல் ஓடும் டிவி. விற்பது என்னவென்று பார்த்தால் கூழ். ஏசிக்காகத்தான் உள்ளே போனேன். சும்மா நிற்பது மரியாதையில்லை என்று ஒரு கூழ் கேட்டேன். கல்லாவில் இருந்த பெண், "ஸ்மாலா மீடியமா லார்ஜா, அங்கிள்?" என்றாள். கூழில் இத்தனை சைஸ் உண்டு என்பது எழுபது வயதுக்குமேல்தான் எனக்குத் தெரியவேண்டும் என்று இருந்திருக்கிறது.

கைக்கு வந்தது மூடி போட்ட காகிதக் குவளை. மூடியில் ஓட்டை, ஓட்டையில் ஸ்ட்ரா. நீங்களே சொல்லுங்கள், கூழை ஸ்ட்ராவில் குடிக்க முடியுமா? இரண்டாவது இழுப்பில் ஒரு வெங்காயத் துண்டு நடுக்குழாயில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை, ஊதினால் போகவில்லை. பக்கத்து மேசையில் கம்பெனி யூனிஃபார்மில் நான்கு பேர். மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். நான்காவது ஆள் அடக்கவில்லை. மூடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு வாய் வைத்துக் குடித்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஒரு ராத்திரி புளித்த கேழ்வரகும், மோரில் ஊறிய சின்ன வெங்காயமும் கலந்த வாசனை. அந்தக் கண்ணாடிக் கதவு சாத்தியபடியே இருக்க, என்னை மட்டும் வெளியே தூக்கிக்கொண்டுபோய் ஆற்றங்கரைத் தெருவில் நிறுத்திவிட்டது.

ஆற்றங்கரைத் தெரு என்றால் ஏதோ பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரணி ஆற்றை ஒட்டியபடி வளைந்து போகும் ஒரே ஒரு நீளத் தெரு. ஒரு பக்கம் வீடுகள். எதிர்ப்பக்கம் கோயில்கள், கோயில்களுக்குப் பின்னால் தோட்டங்கள், தோட்டங்களுக்குப் பின்னால் ஆறு. பழவேற்காட்டிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிய படகுகள் அங்கே இருக்கும் படித்துறை வரை வந்த காலத்தில் உண்டான தெரு என்பார் ஒருவர். அதெல்லாம் நேற்று நடந்தது, தெரு அதற்கும் வெகுகாலம் முந்தியது என்பார் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். படித்துறைக் கல்லில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. படிக்கத் தெரிந்தவர் யாரும் வரவில்லை. வருவதற்குள் துணி துவைத்தே பாதியைத் தேய்த்துவிட்டார்கள். படிகள் பத்தொன்பது. இருபது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கடைசியாகக் கிடப்பது படியல்ல, யாரோ கொண்டுவந்து போட்ட துவைகல்.

எண்ணுவது என் சுபாவம். அந்தத் தெருவில் நான் குடியிருந்த காலத்தில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியின் ஸ்டோரில் எனக்கு வேலை. போல்ட்டையும் நட்டையும் எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுக்க வேண்டும். வேலையால் இந்தப் பழக்கம் வந்ததா, பழக்கத்தைப் பார்த்துத்தான் அந்த வேலையைக் கொடுத்தார்களா என்று எனக்கே சந்தேகம். இட்லி தின்றால் எத்தனை வாயில் தீர்ந்தது என்று தெரியும். சவரம் செய்தால் எத்தனை இழுப்பு என்று தெரியும். தெருவில் என்னைக் 'கணக்குப் புள்ள' என்பார்கள். என் சொந்தப் பெயர் தபால்காரர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவரும் சில நாள் மறந்துவிடுவார்.

கோயில்கள் ஏழு. ஏழும் அம்மன். ஏழு பேரும் அக்கா தங்கைகள் என்பது தெருவின் நம்பிக்கை. தனித்தனிப் பெயர்கள் உண்டென்றாலும் பெரியக்கா, ரெண்டாவது, மூணாவது என்றுதான் சொல்லுவார்கள். கடைசித் தங்கை, கடைக்குட்டி. மற்ற ஆறு கோயிலும் தெருவைப் பார்த்தபடி வரிசையாக இருக்க, கடைக்குட்டி மட்டும் தெரு வளையும் இடத்துக்கு அப்பால், படித்துறைப் பக்கம் வாழைகளுக்கு நடுவே மறைந்திருந்தாள். அக்காக்களோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டு தனியாகப் போய்விட்டாளாம்.

சகோதரிகள் என்றால் சும்மாவா? ஒவ்வொருத்திக்கும் தனித் தோட்டம், தனிப் பூ. பெரியக்காவுக்கு அரளி. ரெண்டாவதுக்குக் கனகாம்பரம். மூணாவதுக்கு நந்தியாவட்டை. ஒருத்தி தோட்டத்துப் பூவை இன்னொருத்தி தலையில் வைக்கவே முடியாது. வைத்தால் ஊரில் யாருக்காவது கண்வலி வரும். ஐந்தாவது தோட்டத்தில் பூவே கிடையாது, வெறும் தவனம், மாலையில் வாசனைக்கு வைத்துக் கட்டும் தழை. அந்த வாசலைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். கடைக்குட்டிக்கு மல்லி. இருப்பதிலேயே விலை உயர்ந்த பூவைச் சின்னவளுக்குக் கொடுத்ததற்குக் காரணம் கேட்டால், "அவதான் அடம் புடிப்பா" என்பார்கள், ஏதோ நேற்று மாலை அடம் பிடித்ததைப் பார்த்த மாதிரி.

ஆடி மூன்றாம் ஞாயிறு ஏழு கோயிலிலும் ஒரே நாளில் கூழ் ஊற்றுவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒருத்தி வாசலில் குடித்துவிட்டால் ஏழு பேர் வாசலிலும் குடித்தாக வேண்டும். அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தங்கை வீட்டைத் தாண்டிப் போனால் தங்கை கோபித்துக்கொள்ள மாட்டாளா? விவரம் தெரிந்த வெளியூர்க்காரர்கள் அன்றைக்கு அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார்கள். கூழ் ஒவ்வொரு கோயிலிலும் ஒரு பக்குவம். ரெண்டாவது வீட்டில் நொய் அதிகம். மூணாவதில் உப்பு போட மறந்துவிடுவார்கள், வருஷா வருஷம் மறந்துவிடுவார்கள். நாலாவது கோயிலுக்கு எதிரே அந்தோணி அண்ணன் வீடு. மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனால் ஏழு கோயிலுக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு அந்த வீட்டு அடுப்பிலிருந்துதான் போகும். அண்ணனுடைய மனைவி பழவேற்காட்டுப் பெண். அந்தக் குழம்பைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். எழுதினால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது, விட்டுவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு இடத்தில் பெண் பார்த்து இரண்டும் தட்டிப்போயிருந்தது. முதல் வீட்டில் பெண்ணின் அப்பா, "ஏதாச்சும் கேக்கணுமா தம்பி?" என்று மரியாதைக்குக் கேட்டார். சுவரில் எதற்கு ஐந்து காலண்டர் என்று கேட்டேன். இரண்டாவது வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானாகவே அவர்கள் வீட்டு உத்தரக் கட்டைகளின் எண்ணிக்கையைச் சொன்னேன்.

மூன்றாவதாக வந்தது பொதட்டூர்பேட்டைச் சம்பந்தம். இதில் மட்டும் என் உயிரே இருந்தது. ஏனென்றால் அந்தப் பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். திருத்தணியில் ஒரு கல்யாணம். பந்தியில் வடை வைத்துக்கொண்டு வந்தாள். "போதும், ரெண்டு ஆயிடுச்சி" என்று இலைமேல் கையை வைத்தேன். "எண்ணிக்கினேவா சாப்பிடுவாங்க?" என்று கேட்டு, என் கையை அகப்பையால் ஒதுக்கிவிட்டு மூன்றாவதை வைத்துவிட்டுப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரசம் வந்ததும் தெரியவில்லை, மோர் வந்ததும் தெரியவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. பிறகு தரகரைப் பிடித்து, விசாரித்து, ஜாதகம் கைமாறி, இரண்டு பக்கமும் பொருந்துகிறது என்றான பிறகு ஆடி மாதம் பிறந்துவிட்டது.

ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பெண்ணின் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அவர் நெல் வியாபாரி. மூட்டையில் கையை விட்டுப் பார்க்காமல் விலை பேசாதவர். ஆவணி வரை பொறுக்க முடியவில்லை. தரகர் ஒரு சனிக்கிழமை வந்து என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "வர ஞாயித்துக்கெழம ஒருத்தர் வருவாரு. கோயில் பாக்க வந்தேம்பாரு. யாருன்னு கேக்காத. மாமா கீமான்னு கூப்டுடாத. நீயும் கோயிலத்தான் காட்டணும், இன்னா?" ஏன் இந்த ஞாயிறு என்று கேட்டேன். அன்றைக்கு அவர் பெரியபாளையத்துக்கு வருகிறாராம், அங்கிருந்து ஒரே பஸ்ஸாம். அது மூன்றாம் ஞாயிறு என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் தரகர் போய்விட்டார்.

அந்த ஞாயிறு காலை குடையோடு ஒருவர் வந்து பெரியக்கா கோயில் முன்னால் நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய குங்குமம். எங்கோ பார்த்தபடி, "இந்தத் தெருவுல கோயிலெல்லாம் ரொம்பப் பழசாமே" என்றார். "வாங்க" என்றேன். தொண்டை வரை வந்த அடுத்த வார்த்தையை விழுங்கினேன்.

கோயில் பார்க்க வந்தவர் முதலில் பார்த்தது என் சமையலறையை. பிறகு என் பாயை. பிறகு கொடியில் தொங்கிய என் சட்டைகளை. என் அறை, பெரியக்காவுக்குப் பூசை செய்யும் செங்கேணியம்மா வீட்டின் ஒரு பகுதி. நான் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். "இப்பதான் குடிச்சேன் நைனா" என்றார். காப்பி என்றேன். பழக்கமில்லை என்றார். வாழைப்பழத்தைப் பார்த்து, வாயு என்றார். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் எங்கள் பக்கத்தில். குடித்தால் சம்மதம் என்று அர்த்தம். அவர் குடிக்கவில்லை. நாக்கு வறண்டு உதட்டை நக்கிக்கொண்டாரே தவிர, என் சொம்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தெரு முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. தெரியாத மாதிரி எல்லாரும் நடித்தார்கள். அதிலும் செங்கேணியம்மா அளவுக்கு மோசமாக யாரும் நடிக்கவில்லை. வந்தவர் கேட்காமலே அந்தம்மாள் ஆரம்பித்தார். "இந்தப் புள்ள கீதே, தங்கம். குடி கெடையாது, பீடி கெடையாது. எட்டு மணிக்கெல்லாம் படுத்துக்கும். ஆறு சட்ட வெச்சிக்கினு கீது, எல்லாத்தியும் அதுவே தோய்க்கும்." வந்தவர், "நான் கோயிலப் பத்திக் கேட்டேன் தாயி" என்றார். "கோயிலா, அது இங்கியேதான கீது, எங்க பூடப் போவுது" என்று சொல்லிக்கொண்டே செங்கேணியம்மா ஒரு சொம்புக் கூழை அவர் கையில் வைத்துவிட்டார்.

என் வீட்டுத் தண்ணீரை மறுக்கலாம். அம்மன் வாசல் கூழை எப்படி மறுப்பது? அது கோயிலுடையது, மாப்பிள்ளை வீட்டுக் கணக்கில் வராது. தாகம் வேறு. அவர் மடமடவென்று குடித்தார். மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு, "நல்லா கீதே" என்றார். சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகுதான் செங்கேணியம்மா நிபந்தனையைச் சொன்னார்.

"ஏழா?" என்றார் அவர்.

"ஏழுதான். நடுவுல யாரையும் உட்டுட்டுப் பூடாத. ஏற்கெனவே அவளுங்களுக்குள்ள ஆவாது."

"எனக்கு வாயு தாயி."

"வாயுக்குத்தான் கூழு."

இப்படி ஆரம்பித்தது எங்கள் கோயில் உலா. அவர் குடையை ஊன்றி நடந்தார், நான் அரையடி பின்னால் நடந்தேன். ஒவ்வொரு கோயிலிலும் ஒரு சொம்பு. ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு சான்றிதழ். ரெண்டாவது கோயிலில் ஒரு அம்மாள், இந்தப் பிள்ளை ஆடிட்டர் ஆகவேண்டியது என்றார். மூணாவது கோயிலில், உப்பில்லாத கூழோடு, "ஒரே ஒரு கோளாறு. எல்லாத்தியும் எண்ணும். எங்க ஊட்டு முருங்க மரத்துல எத்தினி காயின்னு எங்க ஊட்டுக்காரருக்கே தெரியாது, இதுக்குத் தெரியும்" என்று ஒரு குரல் வந்தது. நல்லது சொல்வதாகத்தான் அந்தக் குரலுக்கு நினைப்பு. ஆனால் பொதட்டூர்பேட்டைக்காரர் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் கேள்விகளின் போக்கு மாறியது. கேள்வி எல்லாமே கோயிலைப் பற்றித்தான். ஆனால் கோயிலுக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள், தூரமா, பெண்பிள்ளைகள் தனியாகப் போய்வர முடியுமா, பாம்பு உண்டா, மழைக்காலத்தில் ஆறு தெருவுக்குள் வருமா? நாலாவது தோட்டத்தின் பின்வாசல் வழியாக ஆற்றுக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஆற்றில் ஆடிப்பெருக்கு பஞ்சாங்கத்தில் மட்டும்தான் வரும். அந்த மாதத்தில் வெறும் மணல். மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று. கண்ணாடி மாதிரித் தண்ணீர் சுரந்து நிற்கும். தெரு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். அவர் குனிந்து கையில் அள்ளினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். விரல்களுக்கிடையே வழியவிட்டார். நாக்கில் மட்டும் வைக்கவில்லை. ஊற்று எத்தனை இருக்கிறது என்று கேட்டார். பதினொன்று என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஐந்தாவது கோயிலில் அவருக்கு உட்கார வேண்டியிருந்தது. ஐந்து சொம்பு கூழ், அந்தோணி அண்ணன் வீட்டுக் குழம்பு, ஒரு பிடி முருங்கைக்கீரை, எண்ண மனம் வராத அளவுக்கு மாங்காய்த் துண்டுகள். தவன வாசனையில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமோ சொல்வது போல ஒரு கதை சொன்னார்.

"எங்க ஊர்ல ஒருத்தரு. நல்ல மனுசன்தான். அடுப்புல வெக்கிற வெறகு எத்தினின்னு எண்ணுவாரு. உலையில போட்ற அரிசிய எண்ணாத கொறைதான். சம்சாரம் ஆறே மாசத்துல அம்மா ஊட்டுக்குப் பூட்டுச்சி. திரும்பி வர்லியே."

நான் விறகை எண்ண மாட்டேன் என்று சொல்லலாம். ஆனால் அவர் கோயில் பார்க்க வந்தவர், என் விறகைப் பற்றி நான் ஏன் பேசவேண்டும்? தவிர, அன்று காலை நான் விறகை எண்ணியிருந்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திருத்தணிப் பந்தியும் மூன்றாவது வடையும் கைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு வீட்டில் தட்டிப்போனபோது எனக்கு வருத்தமே வரவில்லை. இப்போது நெஞ்சுக்கு நடுவில் ஏதோ கல் மாதிரி. கூழ்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது சொம்பை அவர் குடித்த விதத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் பாவமாக இருந்திருக்கும். ஒரு மிடறு, ஒரு பெருமூச்சு. மறுபடி ஒரு மிடறு. குடையை விரித்துத் தலைமேல் பிடித்துக்கொண்டு கோயில் கல்லில் உட்கார்ந்திருந்தார். நிழலில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனாலும் விரித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. எதிர்ச் சந்தின் முனையில் பஸ் வந்து நின்று புகை விட்டுக்கொண்டிருந்தது. அதை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான்.

"இன்னும் எத்தினி நைனா?" என்றார்.

வாழைத் தோப்புப் பக்கம் பார்த்தேன். கடைக்குட்டி கோயில் அங்கிருந்து தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் ஒன்று, இரண்டு சொல்லக் கற்ற நாளிலிருந்து அதுவரை நான் எதையும் குறைத்து எண்ணியதில்லை.

"அவ்ளோதாங்க. ஏழும் ஆச்சி" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுந்து, குடையை மடக்கி, சந்து வழியாகப் போய் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். கோயிலெல்லாம் நல்ல கோயில் என்றார். ஆமாங்க என்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

பஸ் நகரவில்லை. பஸ்ஸின் முன்னால் தாயாரம்மா நின்றுகொண்டிருந்தார். கடைக்குட்டிக்குப் பூசை செய்பவர். இடுப்பில் பானை, கையில் சொம்பு, தலையில் ஒரு முழம் மல்லி. அந்த அம்மாளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். கடைக்குட்டி யாரைப் போல இருப்பாள் என்று கேட்டால் தெருவில் எல்லாரும் அவரைத்தான் காட்டுவார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். தாயாரம்மா அந்த ஹாரனை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் பக்கவாட்டில் நடந்துவந்து ஜன்னலடியில் நின்றார்.

"அக்காமாருங்க ஆறு பேரு ஊட்லயும் துன்னுட்டு, கடசிப் பொண்ணு ஊட்ட மட்டும் தாண்டிப் போறியா? அவ இன்னா பாவம் பண்ணா?"

பஸ்ஸில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "இது ஏழு ஆச்சின்னு சொல்லிச்சே" என்று அவர் என்னைக் காட்டினார். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த செங்கேணியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கணக்குப் புள்ளயா தப்பா எண்ணுச்சி? மரத்துல ஊர்ற எறும்ப எண்ணும் இது. இன்னிக்கி இன்னா கேடு வந்துச்சி?" என்றார். என் காது இரண்டும் சுட்டது. எண்ணுகிறவன் என்பதோடு பொய்யன் என்றும் ஆகிவிட்டது. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். கண்டக்டர், சீக்கிரம் குடிங்க பெரியவரே, எல்லாருக்கும் பேஜாரு என்று கத்தினார்.

அவர் ஜன்னல் வழியாகச் சொம்பை வாங்கினார். ஏழாவது கூழை நிதானமாக, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சொம்பைக் கண்ணில் ஒற்றி, தாயாரம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நைனா, உன் ஊட்லேர்ந்து ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கினு வா. தாகமா கீது."

ஏழு சொம்பு கூழ் குடித்தவருக்குத் தாகமாம். எனக்குப் புரிவதற்கு முன்னால் தாயாரம்மாவுக்குப் புரிந்துவிட்டது, சிரித்துவிட்டார். செங்கேணியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பஸ்ஸுக்குள் எங்கேயோ ஒரு பெரியவர் விஷயத்தைப் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கத் தொடங்க, சத்தம் முன்னாலிருந்து பின்வரிசை வரை போனது. பேஜாரு என்று கத்திய கண்டக்டர் டிரைவரைப் பார்த்து, "இஞ்சின ஆஃப் பண்ணு, மாப்ள தண்ணி கொண்டாரட்டும்" என்றார். நான் ஓடினேன். ஆறு கோயிலையும் பின்னாலிருந்து முன்னால் தாண்டி ஓடினேன். பானையில் மொண்டு, சொம்பு தளும்பத் தளும்பத் திரும்பி ஓடிவந்தேன். வழியில் பாதி கொட்டிவிட்டது. மீதியை அவர் அண்ணாந்து குடித்தார். அந்த ஊற்றுத் தண்ணீர் அவர் தொண்டையில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை மடக்கு என்று கேட்காதீர்கள். தெரியாது.

ஆவணியில் பேசி முடித்தார்கள். பின்னால் அவள் என்னிடம் சொன்னாள், அன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அப்பா படுத்துக்கொண்டே சிரித்தாராம். ஆறுதான் ஆகியிருக்கிறது என்று அவருக்குத் தெரியுமாம். வாழ்நாளெல்லாம் மூட்டை எண்ணியவருக்கு ஆறுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாதா? பையன் எனக்காக ஒண்ணைக் குறைக்கிறான் என்றுதான் பேசாமல் பஸ்ஸில் ஏறினாராம். இதை அவள் எனக்குச் சொன்னது கல்யாணமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு, நான் வீட்டில் தீப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு நாளில். இப்போதும் தேவைப்படும்போது சொல்லிக்காட்டுவாள்.

மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. செங்கேணியம்மா இல்லை, தாயாரம்மா இல்லை. மாப்பிள்ளையைப் பார்க்க யாரும் குடையோடு வருவதும் இல்லை. என் தம்பி பேத்திக்குப் பார்க்க வந்தவர்கள் எட்டுப் பேர். பிரியாணி சாப்பிட்டு, ஐஸ்க்ரீம் சாப்பிட்டு, ஒரு பாக்கெட் பீடாவும் வாங்கிக்கொண்டு போய், மறுநாள் வாட்ஸப்பில் ஒற்றை வரியில் வேண்டாம் என்று அனுப்பினார்கள். பச்சைத் தண்ணீருக்கு இருந்த மரியாதை பிரியாணிக்கு இல்லை.

கூழ்க்கடையை விட்டு வெளியே வந்தபோது நான் போகவேண்டிய பஸ் வந்தது. விட்டுவிட்டேன். அதற்குப் பின்னால் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி ஆற்றங்கரைத் தெருவில் இறங்கினேன். அன்றும் ஆடி மூன்றாம் ஞாயிறு.

தெரு இருக்கிறது. கோயில்கள் ஏழும் இருக்கின்றன, முன்பைவிட உயரமாக, பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, கம்பிக் கதவு போட்டு. தோட்டங்கள்தான் இல்லை. அரளி இருந்த இடத்தில் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள் வரிசையாக. ஒவ்வொரு வாசலிலும் பத்து ஜோடிச் செருப்பு. தவனம் இருந்த இடத்தில் லாரிகள். அங்கே கண்ணை மூடிப் பார்த்தேன், டீசல்தான். ஆற்றில் மணல் போய்க் களிமண் தெரிகிறது. ஊற்று தோண்ட முடியாது. வீட்டுக்கு வீடு தண்ணீர் கேன் தலைகீழாக நிற்கிறது.

பெரியக்கா கோயிலில் கூழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய எவர்சில்வர் டிரம், மேலே யாரோ கட்சிக்காரர் படம் போட்ட பேனர், நீளமான வரிசை. என் முறை வந்ததும் ஒரு காகிதக் குவளை கைக்கு வந்தது. கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். கூழ் நன்றாகவே இருந்தது. குடித்துவிட்டு நடந்தேன். ரெண்டாவது கோயிலிலும் டிரம் இருந்தது. கதவுக்குள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் கொஞ்சம் நின்றேன். தொண்டையைக் கனைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்து, வழியில் நிற்பதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ, "போங்க தாத்தா, வண்டி வருது" என்றாள்.

தாண்டிப் போனேன். மூணாவது வாசலையும் நாலாவது வாசலையும் தாண்டினேன். மெதுவாகத்தான் நடந்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.